கை தவறியது ஏன்?

பால் பொங்கி அடுப்பு நிறைய வழிந்துவிட்டது. "பக்கத்திலேயே நின்னுக்கிட்டு என்னத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தே?" என்று கூடத்திலிருந்து குரல் வருகிறது. இன்னொரு நாள் தாளிக்கும்போது கடுகு கருகிப் போகிறது. மற்றொரு நாள், தவழ்ந்து வந்த குழந்தை சுடச்சுட இருந்த காபி டம்ளரை எட்டிப் பிடிக்கிறது. அம்மா கை நீட்டுவதற்குள் டம்ளர் கவிழ்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒரு சின்ன விசாரணை நடக்கும். தீர்ப்பு மட்டும் மாறுவதே இல்லை: "உனக்குக் கவனம் போதாது!"

இந்தத் தீர்ப்பை நாமும் தலையாட்டி ஏற்றுக்கொண்டு, "ஆமா, என் புத்தி எங்கேயோ போயிடுச்சு" என்று நம்மையே நொந்து கொள்கிறோம். அது சரிதானா? கவனம் என்பது ஒருவருடைய சுபாவம் மட்டும்தானா? அவர் நிற்கிற இடத்தின் வெளிச்சம், சத்தம், வாசனை, புழுக்கம், முதல் நாள் இரவின் தூக்கம் இவற்றுக்கெல்லாம் அதில் பங்கு கிடையாதா?

நிறையவே உண்டு என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஊகமாக அல்ல, விநாடியை ஆயிரம் பங்காக்கி அளந்து பார்த்துச் சொல்கிறார்கள். அந்த அளவைகள் நம் சமையலறைக்கு என்ன சொல்கின்றன என்று பார்ப்போமே!

முக்கால் விநாடியில் போன வேலை

இங்கிலாந்தில் கிரீனிச் என்ற இடத்திலிருந்த வானாராய்ச்சிக் கூடத்தில் 1796-ம் வருஷம் நடந்தது இது. அங்கே தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கலின். அவருக்கு உதவியாளர் டேவிட் கின்னிபுரூக் என்ற இளைஞர். தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரம் மெல்லிய கம்பிக் கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். கண் நட்சத்திரத்தில் இருக்கும். காது பக்கத்திலிருக்கும் கடிகாரத்தின் டிக்... டிக்... சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கும்.

கின்னிபுரூக் குறித்த நேரம் எஜமானர் குறித்ததைவிட சுமார் 0.8 விநாடி பிந்தியே வந்தது. சொல்லிப் பார்த்தும் சரியாகவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார் மாஸ்கலின்.

இருபது வருஷங்களுக்கும் மேல் கழித்து ஜெர்மனியைச் சேர்ந்த பெஸ்ஸல் என்ற வானியலாளர் இந்தச் சம்பவத்தைப் படித்தார். அவருக்குச் சந்தேகம் தட்டியது. தன்னையும் தன்னைப் போன்ற கைதேர்ந்த நிபுணர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! எந்த இரண்டு பேருடைய கணக்கும் ஒத்துப்போகவில்லை. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மனசு ஒன்று சேர்க்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பாவம், அந்தப் பையன் அலட்சியக்காரன் இல்லை. மனித உடம்புக்கு உள்ளதுதான் அவனுக்கும் இருந்தது.

அந்த விசாரணையிலிருந்துதான் மனிதனின் வேகத்தை அளக்கும் ஆராய்ச்சியே வளர்ந்தது.

கண்ணைவிடக் காது முந்தும்

ஒரு விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்து என்றால், ஆரோக்கியமான ஒருவருக்குச் சுமார் கால் விநாடி ஆகிறது. மணியடித்தவுடன் அழுத்து என்றால் இன்னும் சற்று சீக்கிரம் அழுத்திவிடுவார். விழித்திரையில் ஒளி நரம்புச் செய்தியாக மாறுவதற்குச் சில ரசாயனப் படிகள் உண்டு. காதில் அந்த வேலை வெகு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த உசைன் போல்ட்டுக்கே, துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கிளம்ப 0.146 விநாடி ஆயிற்று.

'அரை விநாடி, கால் விநாடியெல்லாம் ஒரு கணக்கா?' என்று தோன்றுகிறதா? 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது விநாடியில் நூறில் ஒரு பங்கில்தானே! மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஸ்கூட்டர் ஒரு விநாடியில் 11 மீட்டர் வந்துவிடும். 60 டிகிரி சூட்டிலுள்ள வெந்நீர் பெரியவர்களின் தோலையே சுமார் 5 விநாடியில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது. அதற்கு அவ்வளவு நேரமும் வேண்டாம். அடுப்பில் கொதிக்கும் குழம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதோடு, சமையலறையில் நடப்பது பொத்தான் அழுத்துகிற சோதனை மாதிரி எளிதானதும் இல்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்து காத்திருந்தால்தான் கால் விநாடி. 'இதா, அதா' என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நேரம் கூடும். ஹாலந்து தேசத்து டாக்டர் டாண்டர்ஸ் 1868-லேயே இதை அளந்து காட்டினார். எதிர்பாராமல் ஒன்று நேர்ந்தாலோ ஒரு விநாடி, சில சமயம் அதற்கு மேலும் ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் வாணலி, ஒரு பக்கம் குக்கர், காலடியில் குழந்தை, வாசலில் காலிங் பெல் என்று நாலும் சேர்ந்தால் எந்தக் கை எதற்குப் போகும், சொல்லுங்கள்!

வெளிச்சம்: உங்கள் நிழலே உங்களுக்கு எதிரி

பிரான்ஸ் நாட்டு மனோதத்துவ அறிஞர் பியரோன் என்பவர் 1914-ல் ஒரு விதியைச் சொன்னார். கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தூண்டுதல் மங்க மங்க, நாம் அசைவதற்குத் தாமதமும் கூடிக்கொண்டே போகும். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்கிறவரின் கை மெதுவாகப் போவது சோம்பலால் அல்ல.

நம் வீடுகளில் சமையலறை விளக்கு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நமக்குப் பின்னால், சுவரின் உச்சியில். மேடைக்கு முன்னால் நின்றால் நம் நிழலே வாணலியின் மேலும் அரிவாள்மனையின் மேலும் விழுகிறது. கூடத்தில் அலங்கார விளக்குக்குச் செலவழிக்கிறோம். தீயும் கத்தியும் புழங்குகிற இடத்துக்கு ஒற்றை விளக்கு! மேடைக்கு நேர் மேலே, அலமாரியின் அடியில் ஒரு சின்ன ட்யூப் லைட் போட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். கறுப்புக் கல் மேடையில் கறுப்புப் பிடி போட்ட கத்தியை வைத்தால் கண் தேடத்தான் செய்யும். வெளிர் நிறப் பலகை ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள், உடனே கண்ணில் படும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் எட்டுகிறது. "பட்டப்பகல்லே லைட் எதுக்கு அத்தை?" என்று மாமியாரைக் கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பார்ப்பதற்கென்றே இருக்கும் செல்கள் போக, வெளிச்சத்தை உணர்ந்து 'விடிந்துவிட்டது, விழித்துக்கொள்' என்று மூளையிலுள்ள கடிகாரத்துக்குச் சேதி அனுப்பும் தனிச் செல்கள் விழித்திரையில் இருப்பதை 2002-ல் ஆராய்ச்சிகள் நிரூபித்தன. நீலம் கலந்த வெண்மையான ஒளிக்கு அவை நன்றாக விழித்துக்கொள்ளும். ஆகவே காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வருகிறவர் பாதி மயக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார். இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழும்போது நேர்மாறாகச் செய்ய வேண்டும். மங்கலான மஞ்சள் விளக்கு போதும். பளிச்சென்று வெள்ளை விளக்கைப் போட்டால் தாயும் சேயும் மறுபடி கண்ணயர நேரமாகிவிடும். செல்போன் வெளிச்சமும் அப்படித்தான்.

எத்தனை விசில் வந்தது?

"இது மூணாவதா, நாலாவதா?" குக்கர் விசிலைத் தவறவிடாத வீடு உண்டா? கூடத்தில் டி.வி. ஓடும் நேரத்தில்தான் கணக்கு அதிகம் தவறுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

1976-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி இதற்கு விடை சொல்கிறது. வரிசையாகச் சிலவற்றைப் பார்த்து ஞாபகம் வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் யாரோ ஜெர்மன் மொழியில் பேசுவதை ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. காதில் வாங்காதீர்கள் என்றும் சொல்லியாயிற்று. அப்படியும் ஞாபகம் குழம்பியது! பேச்சுக் குரல் நம் அனுமதி இல்லாமலே உள்ளே புகுந்து, மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் வரிசையைக் கலைத்துவிடுகிறது. நமக்குப் புரியும் பாஷையில், அதுவும் அழுகையும் ஆத்திரமுமாக சீரியல் ஓடினால் கேட்பானேன்! விசிலை மனசால் எண்ணாதீர்கள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு புளியங்கொட்டையையோ பட்டாணியையோ நகர்த்தி வையுங்கள். யார் பேசினாலும் அது தவறாது.

மிக்ஸி, எக்ஸாஸ்ட் ஃபேன் இவற்றின் ஓயாத இரைச்சல் வேறு விதத்தில் கெடுதல் செய்கிறது. அது கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். ஆனால் நமக்குச் சேர வேண்டிய சின்னச் சத்தங்களை அது விழுங்கிவிடும். எண்ணெய் வெடிக்கிற ஓசை, வாளி நிரம்புகிற ஓசை, அடுத்த அறையில் குழந்தை இருமுகிற ஓசை எல்லாம் அதில் அமுங்கிப் போகின்றன. கண்ணைவிடக் காது முந்தும் என்று பார்த்தோமே, அந்தக் காவல்காரனைக் கட்டிப்போட்ட மாதிரிதான். காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு தெருவைக் கடப்பதும் இதே ஆபத்துதான். பின்னாலிருந்து வரும் வண்டியை முதலில் அறிவிப்பது காதுதானே!

ஆகாய விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அமெரிக்காவில் 1981-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கிளம்பும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கையில் விமானி அறையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாது. வீண் பேச்சில் கவனம் சிதறி விமானங்கள் விபத்துக்குள்ளான பிறகு வந்த சட்டம் அது. நம் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் என்ன? கஞ்சி வடிக்கும்போது, வாணலியில் எண்ணெய் காயும்போது, கொதிக்கும் பாத்திரத்தை இறக்கும்போது யாரும் அம்மாவைக் கூப்பிடக் கூடாது. "என் சட்டை எங்கே?" என்கிற கேள்வி இரண்டு நிமிஷம் காத்திருக்கலாம்.

சத்தமே கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனை 1908-ல் வெளியாயிற்று. தூண்டுதல் அளவோடு இருந்தால்தான் வேலை நன்றாக நடக்கும், கடினமான வேலையில் அளவு மிஞ்சினால் கெடும் என்பது அவர்கள் கண்டது. கீரை ஆய்கிற, துணி மடிக்கிற வேலைக்குப் பாட்டு நல்ல துணை. அப்பளம் பொரிக்கிற நேரத்தில் அதை நிறுத்திவிடுங்கள்.

வாசனை தூங்கிவிடும், நெடி எழுப்பும்

நம் பாஷையில் வாசனைக்கு ஒரு சொல், நெடிக்கு ஒரு சொல். உடம்பிலும் அவை இரண்டுக்கும் தனித்தனி நரம்புகள்! மல்லிகை மணக்கும் நரம்பு வேறு. மிளகாய் வறுக்கும்போது மூக்கிலும் கண்ணிலும் சுரீரென்று எரிகிற நரம்பு வேறு.

2004-ல் வெளியான ஒரு சோதனையில் தூங்குகிறவர்களின் மூக்கருகே புதினா வகை வாசனையையும், சகிக்க முடியாத ஒரு நாற்றத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கியவர்களை அவை எழுப்பவில்லை. சத்தம் கொடுத்ததும் எழுந்துவிட்டார்கள். காது தூக்கத்திலும் காவல் காக்கிறது. மூக்கு நம்மோடு சேர்ந்து தூங்கிவிடுகிறது. ஜப்பானில் காது கேளாதவர்களைத் தீ விபத்தின்போது எழுப்ப, 'வாசாபி' என்ற காரமான கிழங்கின் நெடியை வீசும் கருவியைச் செய்தார்கள். அது வாசனையை நம்பவில்லை, எரிச்சலை நம்பியது.

இதில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. சமையல் காஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்று நாற்றமுள்ள ஒரு பொருளைக் கலக்கிறார்கள். விழித்திருந்தால் அது நம்மை எச்சரிக்கும். தூங்கினால் எழுப்பும் என்று நம்ப முடியாது. கசியும் இடத்திலேயே இருந்தால் மூக்கு பழகிப்போய், விழித்திருப்பவருக்கும் தெரியாமல் போகலாம். ஆகவே படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுவதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். காலையில் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லோரும் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தரையில் படுத்திருக்கும் குழந்தையை முதலில் தூக்குங்கள்.

புழுக்கமும் தாகமும்

1946-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், பிரிட்டனில் மாக்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் கம்பியில்லாத் தந்தி வேலை பார்ப்பவர்களைச் சூடான அறைகளில் உட்கார வைத்துச் செய்தி எழுதச் சொன்னார். வெக்கை ஏற ஏற எழுத்துப் பிழைகளும் ஏறின. அவர்கள் உட்கார்ந்து எழுதியவர்கள்தான். சித்திரை மாதத்தில் அடுப்பெதிரே ஒரு மணி நேரம் நின்று பூரி பொரிக்கிறவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! ஜன்னலைத் திறந்து காற்று குறுக்கே ஓட வழி செய்யுங்கள். எல்லோருக்கும் மோர் கொடுத்துவிட்டுத் தான் குடிக்காமல் நிற்பது நம் வழக்கம். உடல் எடையில் 2 சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே கவனம் குறையத் தொடங்கும். சமையலறையில் உங்களுக்கென்று ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

தூக்கம் பெரிய கடன்

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டும். 2003-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில், ஆரோக்கியமானவர்களை 14 நாள் தொடர்ந்து, இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய சுறுசுறுப்பு, ஓரிரண்டு இரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. இதில் பயங்கரம் என்னவென்றால், அது அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை! 'கொஞ்சம் தூக்கம் வருது, அவ்வளவுதான்' என்ற நினைப்புதான்.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-ல் கண்டார்கள். நம் நாட்டில் 0.03 சதவீதத்துக்கு மேல் போனாலே வண்டி ஓட்டுவது குற்றம். காலை 4.30-க்கு எழுந்த அம்மாவுக்கு இரவு 9.30-க்கு 17 மணி நேரம் முடிகிறது. அந்த நேரத்தில்தான் அவர் பால் காய்ச்சிக்கொண்டும், மறுநாளுக்குக் காய் நறுக்கிக்கொண்டும் நிற்கிறார்!

எழுந்த உடனேயும் ஜாக்கிரதை. திடுக்கென்று விழித்தெழுந்த பிறகு 15 முதல் 30 நிமிஷம் வரை மூளை முழுதாக விழிப்பதில்லை. அந்த நேரத்தில் முகம் கழுவுங்கள், பாத்திரம் அடுக்குங்கள். கொதிக்கும் எண்ணெயை வைக்காதீர்கள். பகல் 1 மணியிலிருந்து 4 மணிக்குள்ளும் உடம்பு ஒரு தடவை மந்திக்கும், சாப்பிடாவிட்டாலும் மந்திக்கும். நீண்ட தூரம் பறக்கும் விமானிகளுக்கு 40 நிமிஷம் ஓய்வு கொடுத்து அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா செய்த ஆராய்ச்சி 1994-ல் வெளியாயிற்று. அவர்கள் சராசரியாக 26 நிமிஷம்தான் தூங்கினார்கள். அதிலேயே கையும் கண்ணும் சுறுசுறுப்பாகிவிட்டன. குழந்தை தூங்கும்போது தாயும் அரை மணி கண்ணயர்வதை யாரும் சோம்பல் என்று சொல்ல வேண்டாம்.

அடிக்கோல் சோதனை

வீட்டிலேயே உங்கள் வேகத்தை அளக்கலாம். ஒருவர் 30 செ.மீ. அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் பூஜ்யத்துக்கு நேராக உங்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தைப் பாருங்கள்.

10 செ.மீ. என்றால் 0.14 விநாடி
15 செ.மீ. என்றால் 0.17 விநாடி
20 செ.மீ. என்றால் 0.20 விநாடி
25 செ.மீ. என்றால் 0.23 விநாடி
30 செ.மீ. என்றால் 0.25 விநாடி

ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். காலையில் ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவு படுக்கப் போகுமுன் ஒரு தடவை. டி.வி. சத்தத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. வீட்டில் எல்லோரும் செய்து பாருங்கள். குழந்தைகளுக்கும் நல்ல விளையாட்டு!

இந்த வாரமே செய்யுங்கள்

1. அடுப்புக்கும் நறுக்கும் இடத்துக்கும் நேர் மேலே விளக்கு.

2. வாணலி, பால் பாத்திரம் இவற்றின் கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். நம் கை முந்தாவிட்டாலும் குழந்தையின் கைக்கு எட்டாது.

3. பொரிக்கும் வேலையை நன்றாக விழித்திருக்கும் முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. எண்ணெயும் கொதிநீரும் இருக்கும்போது டி.வி., போன், கேள்வி எதுவும் வேண்டாம்.

5. இரவு வேலையில் பாதியை வேறு கை ஏற்கட்டும். இரவில் குழந்தைக்கு எழுகிறவருக்கு விடியற்காலை அடுப்பு வேண்டாம்.

6. சுட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் பிடியுங்கள். மாவு, இங்க், பற்பசை எதுவும் தடவாமல் டாக்டரிடம் போங்கள்.

ஐந்தாவது யோசனையை அம்மா மட்டும் படித்துப் பயனில்லை. இந்தப் பக்கத்தை மடித்து, வீட்டில் மற்றவர்கள் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை பால் பொங்கினால், யார் தப்பு என்று கேட்பதற்கு முன்னால் விளக்கு எங்கே இருந்தது, டி.வி. எவ்வளவு சத்தமாக ஓடியது, நேற்று ராத்திரி அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று அவர்கள் கேட்கட்டும்.